பழைய டாங்கி மாதிரியை ரேடியோவால் ஓட்ட முடியுமா?

சிங்கப்பூர் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் அப்பா வாங்கிய, வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள 1/35 அளவு டாங்கியை ரேடியோ ரிமோட்டில் ஓடும்படி மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம்.

முதலில் கியர்பெட்டியைப் பாருங்கள். ஒரே மோட்டார் என்றால் நேராகத்தான் ஓடும். டாங்கிக்குக் காரைப்போல் திரும்பும் முன்சக்கரம் ஏது? இரு பக்கச் சங்கிலிகளின் வேக வித்தியாசத்தில்தான் அது திரும்புகிறது. ஆகவே இரட்டை மோட்டார் கியர்பெட்டி, பக்கத்துக்கு ஒரு வேகக் கட்டுப்பாட்டு மின்சுற்று, இரு மோட்டார்களையும் கலந்து இயக்கும் வசதியுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் வேண்டும்.

சிறு மோட்டார்கள் பெரும்பாலும் 3 வோல்ட்டுக்கானவை, 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரியை நேராக மாட்டினால் கருகிவிடும். மோட்டார் முனைகளுக்கிடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைப் பற்றவைத்தால் ரேடியோவைக் குழப்பும் மின் இரைச்சல் அடங்கும். மின்னணு உதிரிபாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் அது சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

உடலில் அவசரப்பட்டுத் துளை போடாதீர்கள். பழைய பிளாஸ்டிக் விரிசல் விடும். என் முதல் டாங்கி அப்படித்தான் போயிற்று.