பெங்குயின் பாடிய பாட்டு

அன்புள்ள சார்,

'யுரேரு ஒமோய்' என்ற ஜப்பானியப் பாட்டை இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மொழி சுத்தமாகத் தெரியாது. வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் போடுவேன். போன வாரம்தான் தெரிந்தது, அது போகாரி ஸ்வெட் என்ற பானத்தின் டிவி விளம்பரத்தில் வந்த பாட்டாம். ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் உருகியதெல்லாம் பானம் விற்கப் போட்ட மெட்டுக்கா? இதைப் பாட்டு என்று சொல்லலாமா?

கே.

அன்புள்ள கே.,

சொல்லலாம், தயங்காமல் சொல்லலாம். உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது, ஆனால் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. அந்தப் பாட்டில் எங்கேயும் பானத்தின் பெயர் வராது. கோடை நெருங்குகிறது, கடல் மின்னுகிறது, ஒரு மனசு அலைபாய்கிறது, அவ்வளவுதான்.

ஜப்பானில் இந்தப் பழக்கம் ரொம்பப் பழசு. 1951-இல், தனியார் வானொலி அங்கே தொடங்கிய அதே வருடம், மிகி தோரிரோ என்பவர் ஒரு கேமரா ஃபிலிம் கம்பெனிக்காகப் பாட்டு எழுதினார். புதிதாக கேமரா வாங்கிய ஒருவன் எடுக்கிற படமெல்லாம் மங்கலாக வருவதைப் பற்றிய வேடிக்கைப் பாட்டு. கம்பெனியின் பெயர் அதில் ஒரு தடவைகூட இல்லை. அதைத்தான் அந்த நாட்டின் முதல் விளம்பரப் பாட்டு என்கிறார்கள். சரக்கின் பெயரையே மெட்டுப் போட்டுக் கத்துகிற விளம்பரங்களும் ஏராளமாக வந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எண்பதுகளுக்குள் இன்னொரு வழியும் வேரூன்றிவிட்டது, அதை அங்கே 'டைஅப்' என்பார்கள்: கம்பெனிக்கு ஒரு நல்ல பாட்டு, பாட்டுக்கு தினமும் டிவியில் இடம்.

அந்த இடம் பெரும்பாலும் 15 வினாடிதான். அந்த 15 வினாடி பாட்டின் உருவத்தையே மாற்றியது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். உங்கள் பாட்டை இன்று சாயங்காலம் மறுபடி போட்டுப் பாருங்கள். பல்லவியில்தான் நேரே தொடங்கும், பாடகியின் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையே தலைப்பு. விளம்பரத்தில் ஒரு துண்டு கேட்டவர் மறுநாள் கடைக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டுமே! 1993-இல் உங்கள் பாட்டு, 1994-இல் டீன் குழு பாடிய ஒன்று, 1995-இல் ஃபீல்ட் ஆஃப் வியூ குழுவின் 'தொட்சுசென்', அதாவது 'திடீரென்று'. மூன்றும் போகாரி ஸ்வெட்டுக்கு, மூன்றுக்கும் வரிகள் சகாய் இசுமி (உங்கள் பாட்டைப் பாடிய ஸார்ட் குழுவின் பாடகி), மெட்டு ஓதா தெட்சுரோ. மூன்றுமே பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. சகாய் இசுமி 1993-க்கு அப்புறம் டிவி பாட்டு நிகழ்ச்சிப் பக்கமே அநேகமாக வரவில்லை, முதல் சுற்றுப்பயணம் போனதே 2004-இல்தான். அவருடைய குரல் வீடுகளுக்குள் போனது இந்த மாதிரி விளம்பரங்கள் வழியாகவும் டிவி நாடகங்கள் வழியாகவும்தான். விளம்பரம் இல்லையென்றால் அந்தப் பாட்டு உங்கள் பஸ் வரைக்கும் வந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது 1983-இல் வந்த, சன்டோரி என்ற பானக் கம்பெனியின் கேன் பீர் விளம்பரம். கார்ட்டூன் பெங்குயின்கள். மங்கின வெளிச்சத்தில் ஒரு பார், மேடையில் ஒரு பெண் பெங்குயின் மைக் முன்னால் நின்று மெதுவாக ஒரு பழைய காதலை ஆங்கிலத்தில் பாடுகிறது, கீழே உட்கார்ந்து கேட்கிற பெங்குயினுக்குக் கண்ணீர் வருகிறது. அந்தக் குரல் மட்சுதா செய்கோவுடையது. அப்போது அவர் நாட்டிலேயே முதல் வரிசை இளம் நட்சத்திரம், துள்ளலான, இனிப்பான குரலுக்குப் பேர்போனவர். ஆனால் விளம்பரத்தில் முதலில் அவர் பெயரைப் போடவில்லை. இறங்கிய குரல், அதுவும் ஆங்கிலம், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பாடுவது யார் என்று கேட்டு விசாரிப்புகள் குவிந்த பிறகுதான் பெயரைச் சேர்த்தார்கள். 'ஸ்வீட் மெமரீஸ்' என்ற அந்தப் பாட்டு இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் கிடந்தது, யாரும் அதை நம்பி அந்தத் தட்டை வெளியிடவில்லை. கடைசியில் அதையும் முதல் பக்கப் பாட்டாக்கி மறுபடி வெளியிட்டார்கள், தட்டு திரும்பவும் விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது. யோசித்துப் பாருங்கள், 21 வயதுப் பெண், முகமும் பெயரும்தான் அவருடைய தொழிலே, அந்த இரண்டையும் எடுத்துவிட்டு குரலை மட்டும் ஜனங்கள் முன்னால் வைத்தது ஒரு பீர் விளம்பரம். இந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே பாட வரும் என்று ரொம்பப் பேர் ஒத்துக்கொண்டது அதற்கு அப்புறம்தான் என்று நினைக்கிறேன்.

எல்லா விளம்பரப் பாட்டையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. எனக்குக் கோபம் வருகிற பாட்டும் ஒன்று உண்டு. 1989-இல் ரீகெய்ன் என்ற சத்து பானத்துக்கு வந்தது. கோட் சூட் போட்ட ஆபீஸ்காரர், ராணுவ நடை மாதிரி ஒரு தாளம், "24 மணி நேரமும் போராட முடியுமா?" என்று கேள்வி. நாடே அதைப் பாடியது. அதற்கு முந்தைய வருடம்தான், 1988-இல், வேலைப்பளுவால் செத்துப்போனவர்களின் குடும்பங்களுக்காக வக்கீல்கள் தொலைபேசி உதவி எண் ஆரம்பித்திருந்தார்கள். ஒரே நாட்டில், ஒரே சமயத்தில் இரண்டும். மெட்டு தொற்றிக்கொள்ளும், அதில்தான் ஆபத்தே. 2014-இல் அதே பெயரில் புது பானம் வந்தபோது கேள்வியை "3, 4 மணி நேரம் போராட முடியுமா?" என்று குறைத்துக்கொண்டார்கள்.

அதனால் பாட்டு யாருடைய காசில் வந்தது என்று பார்த்து நான் முடிவு செய்வதில்லை, அது என்னிடம் என்ன கேட்கிறது என்று பார்க்கிறேன். 2011 மார்ச்சில் பூகம்பமும் சுனாமியும் வந்தபோது வழக்கமான விளம்பரங்கள் டிவியிலிருந்து காணாமல் போயின. ஏப்ரலில் சன்டோரி, பாடகர்களும் நடிகர்களுமாக எழுபதுக்கும் மேற்பட்டவர்களை ஆளுக்கொரு வரியாகப் பாட வைத்து ஒளிபரப்பியது. அதில் ஒரு பாட்டு சகாமொதோ க்யூ 1961-இல் பாடியது, கண்ணீர் சிந்தாமல் இருக்க அண்ணாந்து பார்த்தபடி நடப்போம் என்கிற பாட்டு. பானம் எதையும் காட்டவில்லை. சிலர் நன்றாகப் பாடினார்கள், சிலருக்குச் சுருதி சேரவில்லை, யாரும் அதைத் திருத்தவும் இல்லை. எனக்கு அந்தச் சுருதி சேராத இடங்களில்தான் தொண்டை அடைத்தது.

சகாய் இசுமி 2007-இல், 40 வயதில் போய்விட்டார். நீங்கள் கேட்பது அவருடைய குரலை, அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. அடுத்து 'தொட்சுசென்' கேளுங்கள். பாடுவது ஓர் ஆண், ஆனால் எழுதிய கை அதே கைதான். தொடர்பு விட்டுப்போன ஒருவரிடமிருந்து திடீரென்று ஒரு கடிதம் வருகிறது, அங்கே தொடங்குகிறது. கேட்டுவிட்டு எழுதுங்கள்.