சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்று பிடிக்கிறார்களே, அதனால் தொழிலாளிக்கு என்ன பயன்?

ஈ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர் அரசுக் காப்பீடு. 1948இல் சட்டமாகி, 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கானது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். 15,000 ரூபாய் வாங்குபவரிடம் 112.50 பிடித்தால், முதலாளி 487.50 சேர்த்துக் கட்ட வேண்டும்.

எதற்காக இந்த ஏற்பாடு? அன்றாடச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் காய்ச்சல் வந்தால் அடி இரண்டு பக்கமும் விழும்: மருந்துச் செலவு ஒன்று, வேலைக்குப் போகாத நாளின் கூலி இன்னொன்று. இரண்டாவதுதான் குடும்பத்தை வட்டிக்காரரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்த இரண்டுக்கும் ஈ.எஸ்.ஐ. கைகொடுக்கிறது; எத்தனையோ பேர் அதைக் கேட்டு வாங்காமலே விட்டுவிடுவது எனக்கு வருத்தம்.

குடும்பத்துக்கு மருத்துவம் உண்டு. அதோடு, மருத்துவர் சான்றளித்த நோய் விடுப்புக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள் வரை பணமாகவே கிடைக்கும். நாளுக்கு 500 ரூபாய் கூலி என்றால் 350. இதற்கு ஓர் அரையாண்டில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும்.

மொய் போலத்தான் இது. நூறு வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க, ஒரு வீட்டின் பாரம் குறைகிறது. ஆனால் இங்கே திருப்பிச் செய்ய வேண்டியதில்லை.

சம்பளம் 21,000ஐத் தாண்டிய அன்றே ஈ.எஸ்.ஐ. நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நடப்பு அரையாண்டு முடியும்வரை சந்தாவும் பாதுகாப்பும் தொடரும்.