சுத்தியல் போன்ற கைக்கருவிகளின் பிடியில் டேப் சுற்றலாமா? எந்த டேப் நல்லது?

சுற்றலாம். உங்கள் கேள்வியைப் படிக்கும்போது, வியர்த்த கையிலிருந்து கருவி ஒருமுறையாவது நழுவியிருக்க வேண்டும் என்றும், வீட்டில் கிடக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்துச் சுற்றிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றும் தோன்றுகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பா பயன்படுத்திய மரக்காம்புச் சுத்தியல் ஒன்று என்னிடம் வந்தபோது, காம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. இன்சுலேஷன் டேப்பை இழுத்து இழுத்து இறுக்கமாகச் சுற்றினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெயில் ஏறியதும் உள்ளிருந்த பசை இளகி ஓரங்களில் கசிந்தது. உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டியது. மரத்தூள் முழுவதும் அதன்மேல் படிந்தது. அந்த டேப் மின்கம்பி இணைப்புகளுக்காகச் செய்யப்பட்டது. அதன் மேற்பரப்பு வழவழப்பான பிளாஸ்டிக், வியர்வையை உறிஞ்சாது. இது தெரியாமல், பழையதன் மேலேயே புதியதைச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

அத்தோடு நின்றிருந்தால் பிசுபிசுப்போடு போயிருக்கும். ஆணியைத் தவறவிடும்போதெல்லாம் தலைக்குச் சற்றுக் கீழே, காம்பின் கழுத்துதான் பலகை விளிம்பில் மோதும். அந்த இடத்தில் நார் நசுங்கி, மயிரிழை அளவில் ஒரு விரிசல் தெரிந்தது. அதன்மேலும் டேப் சுற்றினேன். சுற்றியதும் விரிசல் கண்ணில் படவில்லை. கண்ணில் படாததால் மனத்திலும் இல்லை. அடிக்கும் ஓசை மட்டும் நாளடைவில் மாறி, 'டங்' என்று கேட்டது 'சொத்' என்று கேட்கத் தொடங்கியது. அதையும் நான் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் பழைய பலகையொன்றில் ஓங்கி அடித்தபோது கழுத்து முறிந்து, தலை என் தோளைத் தாண்டிப் பறந்து பின்னாலிருந்த கதவில் பள்ளம் பதித்தது. டேப்பை உரித்துப் பார்த்தால், உள்ளே ஈரம் தங்கி மரம் கறுத்திருந்தது. மயிரிழையாக இருந்த விரிசல் இரண்டு அங்குலத்துக்கு ரேகையோடு ஓடிப் பக்கவாட்டில் வெளியேறியிருந்தது. அன்று பின்னால் யாரும் நிற்காதது அதிர்ஷ்டம்.

காம்பில் டேப் சுற்றுகிறவனுக்குத் தொழில் தெரியாது என்று சொல்பவர்கள் உண்டு. நல்ல மரக்காம்புக்கு எண்ணெய் போதும் என்பார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இன்று புதிதாக வாங்கும் காம்புகளில் கண்ணாடிபோல வார்னிஷ் பூசி விற்கிறார்களே, கடையில் பளபளப்பதற்காகப் பூசிய அந்தப் பூச்சை வியர்த்த கையால் அவர்களும் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

புதிய காம்பு போட்டபோது, முதலில் வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். கை பிடிக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற பகுதிக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் தடவினேன், எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில் டேப் ஒட்டாது என்பதால். பிறகு பருத்தித் துணியில் ரப்பர்ப் பசை ஊறிய டேப்பை, காம்பின் அடிமுனையில் தொடங்கித் தலையை நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி சுற்றினேன். இப்படிச் சுற்றினால் டேப்பின் விளிம்புகள் கூரை ஓடுபோல அடிமுனையைப் பார்த்து அமையும். வீசும்போது கை வழுக்குவதும் அந்தத் திசையில்தான் என்பதால் விளிம்பு சுருண்டு எழும்பாது. கடைசிச் சுற்றை மட்டும் இழுக்காமல் தளர்வாகப் படிய வைக்க வேண்டும். இழுத்து ஒட்டிய நுனி, பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்த்துத் தானே பிய்ந்துகொள்ளும்.

உலோகப் பிடிகளுக்குத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப் நன்றாக இருக்கிறது. அதில் பசையே இல்லாததால் வெயிலில் கசியாது. ஆனால் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விழுந்தாலும் அங்கிருந்து கிழிந்துகொண்டே போகும் என்பதால் கூர்மையான கருவிகளோடு ஒரே பெட்டியில் போட்டு வைக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்சுலேஷன் டேப் சுற்றிய குறடு மின்சாரம் ஓடும் கம்பியைத் தொடுவதற்கானது ஆகிவிடாது. என் குறட்டை இரவல் வாங்கிச் சென்ற ஒருவர், பிடியில் இருந்த டேப்பை நம்பி மெயின் சுவிட்சை அணைக்காமலே வேலை செய்ததாகப் பெருமையோடு சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு நான் இரவல் தருவதில்லை. அந்த வேலைக்கென ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தரப்படி செய்த கருவிகளில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை 10,000 வோல்ட்டில் சோதித்த பிறகே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சோதனைக்கு நாம் சுற்றும் டேப் ஈடாகாது.

கழுத்துப் பகுதியில் இப்போது நான் டேப்பே சுற்றுவதில்லை. பழைய சைக்கிள் டியூபில் இரண்டு அங்குலம் வெட்டி, காம்பின் அடிப்பக்கமாக நுழைத்துக் கழுத்துவரை ஏற்றி வைத்திருக்கிறேன். தவறி விழும் அடியை அது வாங்கிக்கொள்கிறது. பெரிய வேலை எதையும் தொடங்குவதற்கு முன் அதைக் கீழே தள்ளி, மரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி மேலே ஏற்றிவிடுகிறேன்.