ஜோடி ஐயாயிரத்துக்கு ஆக்சலாட்டில்: வாங்கலாமா?

கேள்வி: பையன் யூடியூபில் ஆக்சலாட்டில் (தண்ணீரிலேயே வாழும், பல்லி போல் உருவமுள்ள, தவளைக்கு உறவான உயிர்) பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். பெங்களூரில் ஒருவர் இன்ஸ்டாகிராமில் ஜோடி ஐயாயிரம் என்கிறார், "அபூர்வமான உயிர் சார், வெளிநாட்டுது, அதனால் நம்ம சட்டம் இதுக்குச் செல்லாது" என்கிறார். பில் கிடையாது. முன்பணம் போட்டால் ஓசூர் பஸ்ஸில் பார்சல் அனுப்பிவிடுவாராம். நம்பலாமா?

பதில்: முதலில் முன்பணத்தை நிறுத்துங்கள். அவர் சொல்கிற சட்டம் பழைய கதை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தினார்கள், 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது, அழியும் உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்கிற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களும் இப்போது அதன் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டன. ஆக்சலாட்டில் அதில் இருக்கிறது. பளபளவென்று நீலத்திலும் மஞ்சளிலும் விற்கிற தென் அமெரிக்க அம்புத் தவளைகளும் பெரும்பாலும் அதில்தான். வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கை மாறினாலும், செத்தாலும், குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும். அவரிடம் "உங்கள் பெயரில் உள்ள பதிவுச் சான்றைக் காட்டுங்கள், பில்லும் போடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு நின்றுவிடும்.

அப்புறம் அந்த "அபூர்வம்". மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ கால்வாய்களில் மட்டும்தான் ஆக்சலாட்டில் இயற்கையாக வாழ்கிறது, அங்கே அது அழிவின் விளிம்பில் இருக்கிறது, அது உண்மை. ஆனால் ஆய்வகங்களிலும் தொட்டிகளிலும் அது தாராளமாகப் பெருகுகிறது. தொட்டியில் பிறந்ததற்கு அபூர்வ விலை கொடுப்பது ஏமாளித்தனம், காட்டில் பிடித்ததற்குக் கொடுப்பது அதைவிட மோசம். அம்புத் தவளையை "விஷத் தவளை" என்று கூடுதல் விலை சொன்னாலும் மயங்காதீர்கள், அதன் விஷம் காட்டில் தின்கிற எறும்பு, சிலந்திப்பேன் வழியாக வருவது, வளர்ப்பில் பிறந்ததற்கு அது இருக்காது.

ஓசூர் குளுகுளு ஊர்தான், சரி. ஆனாலும் ஆக்சலாட்டிலுக்குத் தண்ணீர் 16 முதல் 18 டிகிரியில் இருக்க வேண்டும், 24ஐத் தாண்டினால் தின்னாது, செவுள் சுருங்கும், பூஞ்சை பிடிக்கும். ஏப்ரலில் தொட்டியைக் குளிர வைக்கும் சில்லர் இல்லாமல் முடியாது, அதன் விலையும் கரண்ட் பில்லும் அந்த ஐயாயிரத்தைத் தின்றுவிடும். பஸ்ஸின் டிக்கியில் வரும் பார்சலில் உயிரோடு வருமா என்பதே சந்தேகம். பத்து வருஷத்துக்கு மேல் வாழும், பையன் காலேஜ் போனபின் நீங்கள்தான் பார்க்க வேண்டும். சலித்துப்போனால் ஏரியில் விடுவது மட்டும் வேண்டாம், அதோடு நோயும் போகலாம்: வளர்ப்பு வியாபாரத்தோடு ஊர் ஊராகப் பரவிய, தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை உலகம் முழுக்கத் தவளை இனங்களைக் காலி செய்திருக்கிறது.

பணம் ஏற்கனவே போய்விட்டதா? ஜிபே ரசீதையும் சாட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அரூர் பக்கம் வயலில் மழைக்குப் பிறகு மஞ்சள் தவளைகள் நிறைய. ஒருவர் தவளைக்கு இவ்வளவு என்று பணம் தருகிறேன் என்கிறார். பிடித்துக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கன்னத்தில் நீலப் பையை ஊதிக்கொண்டு கத்துகிற அந்த மஞ்சள் ஆண் தவளை நம் இந்தியக் காளைத் தவளை. அதுவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. தவளைக் கால் ஏற்றுமதியையே 1987இல் தடை செய்துவிட்டார்கள். அந்த ஆள் மறுபடி வந்தால் வனச்சரக அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.