பெடல் ஸ்டீல் பட்டறையில் சேர்ந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். மனைவிக்கு அமெரிக்காவில், டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் மருத்துவமனை வேலை. நீங்கள் கோவையில் சி.என்.சி. மெஷினில் வேலை பார்த்துவிட்டு வந்து, பெடல் ஸ்டீல் கிட்டார் (உட்கார்ந்து வாசித்தபடி, கால் பெடலாலும் முழங்கால் லீவராலும் தந்தியின் சுருதியை மாற்றும் கிட்டார்) செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் சேர்ந்திருக்கிறீர்கள். முதலாளி திடீரென்று "இதை வெளியூர், வெளிநாடு என்று விற்க ஏற்பாடு செய்" என்று சொல்லிவிட்டார். வாத்தியமும் புதிது, ஊரும் புதிது. எங்கே தொடங்குவது, பெரிய கடைகளுக்கு அனுப்பலாமா, இந்தியாவில் விற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கோவைதான், பீளமேடு. இப்போது இங்கே நாஷ்வில்லில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் ஏற்றுமதிப் பத்திரங்கள் பார்க்கிறேன். இசைக்குப் பேர்போன ஊர் என்பதால் என் மேஜைக்கு வருவதில் பாதி வாத்தியங்கள்தான். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், இந்த வாத்தியம் கடை வழியாக விற்பது ரொம்பக் கஷ்டம். காரணம் உங்கள் பட்டறை மேஜையிலேயே இருக்கிறது. ஆர்டர் தாளை எடுத்துப் பாருங்கள். பத்துத் தந்தி ஒற்றைக் கழுத்தா, இரட்டைக் கழுத்தா? தந்திச் சுருதி ஈ நைன்த் மட்டுமா, சி சிக்ஸ்த்தும் வேண்டுமா? ஏ என்ற பெடல் பி தந்திகளை சி ஷார்ப்புக்கு ஏற்ற வேண்டும், பி என்ற பெடல் ஜி ஷார்ப்பை ஏ ஆக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் பொது. ஆனால் அந்தப் பெடல்கள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று இருக்க வேண்டுமா, தலைகீழாக சி, பி, ஏ என்று இருக்க வேண்டுமா? முன்னதை பட்டி எம்மன்ஸ், பின்னதை ஜிம்மி டே என்ற வாசிப்பாளர்களின் பெயரில் சொல்வார்கள். ஒன்றில் பழகிய கால் மற்றதில் நிற்காது. ஈ தந்தியை இறக்கும் லீவர் எந்த முழங்காலுக்கு என்பது அடுத்த கேள்வி. உட்காரும் ஆள் உயரமானவர் என்றால் காலின் நீளமும் மாறும். கடைக்காரர் இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் கேட்டு எழுதி வாங்கமாட்டார். பொத்தாம்பொதுவாக ஒன்றை வாங்கி மூலையில் வைப்பார். வருகிறவர்கள் பெடலை மிதித்துப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

கடை வழி போனவர்களே இல்லை என்று சொல்லவில்லை. 1954-இல் பாடகர் வெப் பியர்ஸின் பாட்டு ஒன்றில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்து, தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சுரத்தை வளைத்தார். அது வானொலியில் வந்த பிறகு ஸ்டீல் வாசிக்கிறவர்கள் எல்லாருக்கும் பெடல் வேண்டும் என்றாகிவிட்டது. அதற்கு முன்பே பால் பிக்ஸ்பி மாதிரி ஆட்கள் கையால் செய்துகொண்டிருந்தார்கள். 1948-இல் ஸ்பீடி வெஸ்ட் என்ற வாசிப்பாளருக்கு பிக்ஸ்பி செய்து கொடுத்தது பேர் பெற்றது. நம் ஊர்ப் பக்கமே மேடிசனில் ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் ஷோ-பட் என்ற பெடல் ஸ்டீல் கம்பெனியைத் தொடங்கினார்கள். எம்மன்ஸ் பிறகு பிரிந்துபோய் வட கரோலினாவின் பர்லிங்டனில் தன் பெயரிலேயே ஒரு கம்பெனிக்குத் துணை நின்றார். ஷோ-பட் எழுபதுகளில் கிரெட்ச் என்ற வாத்தியக் கம்பெனியின் விற்பனை வலைப்பின்னலுக்குள் போனது. அதனால் நாடு முழுக்கக் கடைகளில் கிடைத்தது. புதிதாகக் கற்பவருக்காக மாவரிக் என்று ஒரு மலிவு மாடலும் வந்தது. பெரும்பாலும் மூன்று பெடல், ஒரே ஒரு முழங்கால் லீவர். கடைக்குப் பொருத்தமான பொருள்தான், விலையும் சரி. ஆனால் கற்கிறவர் சில மாதத்தில் அதன் எல்லையை முட்டிவிடுவார். லீவர் சேர்க்கவும் எளிதில் வழியில்லை. இன்றும் பழைய ஆட்கள் புதியவரிடம் "மாவரிக் வாங்காதே" என்று சொல்வதைக் கேட்கலாம். விற்ற பிறகும் இத்தனை காலம் ஒரு பேர் கூடவே வருகிறது, பாருங்கள்.

அதற்கு எதிர்ப்பக்கம் டெக்சாஸின் கார்ட்டர் கம்பெனி. கற்பவருக்கான மாடலிலேயே மூன்று பெடல், நான்கு லீவர் வைத்தார்கள். இன்று பாடம் சொல்பவர்கள் கேட்கும் எல்லா அசைவும் அதில் உண்டு. கார்ட்டர் இன்று இல்லை, ஆனால் அந்தச் சின்னக் கிட்டாரில் கற்றவர்கள்தான் பிறகு பெரிய கிட்டார் வாங்க வந்தார்கள். உங்கள் முதலாளியிடம் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன்: வெளிச்சந்தை வேண்டும் என்றால் விலையைக் குறைக்க லீவரை வெட்டாதீர்கள். வெட்ட வேண்டியது மினுமினுப்பை. பறவைக்கண் மேப்பிள் வேண்டாம், கண்ணாடி மாதிரி லாக்கர் வேண்டாம், மைக்கா ஒட்டினால் போதும். பெடல் அசைவைத் தந்திக்குக் கொண்டுபோகும் சேஞ்சர், புல் ராட், பெல் கிராங்க் மூன்றிலும் கை வைக்கக் கூடாது. உங்கள் மெஷின் அனுபவம் மதிப்புப் பெறுவது அங்கேதான். சேஞ்சர் விரல்கள் எல்லாம் ஒரே அளவில் வந்தால் தந்தி ஏறி இறங்கித் திரும்பும்போது சுருதி சரியாக வந்து நிற்கும். ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறவர் அதைத் திருப்பி அனுப்பக் காரணமே இருக்காது.

சரி, யாரிடம் விற்பது? அமெரிக்க நாட்டுப்புற (கன்ட்ரி) இசை வாசிப்பவர்கள் மட்டும்தான் வாங்குவார்கள் என்ற எண்ணம் உங்கள் பட்டறையில் இருக்கலாம். அது சரியில்லை. ஹவுஸ் ஆஃப் காட் சபையின் கீத் டொமினியன் பிரிவு மாதிரி கறுப்பினத் தேவாலயங்களில் 1930-களிலிருந்தே ஆராதனையில் ஸ்டீல் வாசிக்கிறார்கள். பெடல் ஸ்டீல் வாசிக்கும் ராபர்ட் ரண்டால்ஃப் அங்கிருந்து வந்தவர்தான். அவர்களுடைய தந்திச் சுருதியே வேறு. முதலில் காது கொடுத்துக் கேட்காமல் ஈ நைன்த்தை நீட்டினால் நடக்காது. நைஜீரியாவின் கிங் சன்னி அடே ஜுஜு இசையில் பெடல் ஸ்டீலை வைத்தார். லண்டனில் பி.ஜே. கோல் பல காலமாக எல்லா வகை இசையிலும் வாசிக்கிறார். தாளமே இல்லாமல் நீண்ட சுரங்களை மிதக்கவிடும் ஆம்பியன்ட் இசைக்காரர்கள் இப்போது இதைத் தேடி வருகிறார்கள். இவர்களில் பலருக்கு இரட்டைக் கழுத்து வேண்டாம். எடை குறைந்த ஒற்றைக் கழுத்து வேண்டும். விமானத்தில் 23 கிலோவுக்கு மேல் போனால் கூடுதல் கட்டணம்; இரட்டைக் கழுத்து கேஸோடு அதைச் சுலபமாகத் தாண்டும். எனவே விளம்பரத்தில் மரத்தின் அழகைப் பற்றி எழுதும் முன் கேஸோடு சேர்த்த எடையை எழுதுங்கள். நான் பார்த்தவரை வெளிநாட்டு ஆள் முதலில் கேட்பது அதைத்தான்.

இவர்களைப் பிடிக்கும் இடம் கண்காட்சி அரங்கை விட வாசிப்பவர்கள் கூடும் இடம். ஜனவரியில் கலிபோர்னியாவின் அனஹைமில் நடக்கும் 'நாம்' (NAMM) என்ற வாத்திய வணிகக் கண்காட்சி பெரிதுதான். அங்கே உங்கள் பட்டறை ஒரு மூலையில் காணாமல்போகும். மார்ச்சில் டாலஸ் பக்கம் டெக்சாஸ் ஸ்டீல் கிட்டார் சங்கம் நடத்தும் ஜாம்போரிக்குப் போனால் வருகிற எல்லாரும் இதையே வாசிக்கிறவர்கள். ஒரு கிட்டாரைக் காலூன்றி நிறுத்தி, நாற்காலி போட்டு, "உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள்" என்று விட்டுவிடுங்கள். பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் முழங்கால் லீவரைத் தொட்டுவிட்டு கீழே குனிந்து பார்த்தால், ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய நிகழ்ச்சிக்கு மாதிரி எடுத்துப் போவதானால் ஏ.டி.ஏ. கார்னே என்ற தற்காலிகச் சுங்கப் பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள், விற்காமல் திரும்பக் கொண்டுவரும் பொருளுக்கு அங்கே வரி கட்ட வேண்டாம். அங்கேயே விற்றுவிட்டு வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், கார்னே அதற்கானது இல்லை. பயணச் செலவுக்கு மாநிலங்கள் வழியாகச் சிறுதொழிலுக்குத் தரும் ஸ்டெப் என்ற ஏற்றுமதி உதவித் திட்டம் இருக்கிறது. டென்னசியில் இந்த வருஷம் என்ன தருகிறார்கள் என்று விசாரியுங்கள்.

இனி என் மேஜைச் சமாசாரம். இங்கேதான் நல்ல பட்டறைகள் பணத்தை விடுகின்றன.

2,500 டாலருக்கு மேல் மதிப்புள்ள கிட்டார் நாட்டை விட்டுப் போனால் ஏ.இ.எஸ். என்ற அமெரிக்க அரசின் ஏற்றுமதிப் பதிவு முறையில் பதிய வேண்டும். கனடாவுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. பொருள் வகை எண் 9207.90, மின்சாரத்தால் ஒலி பெருக்கும் வாத்தியம். மேப்பிள் மரத்துக்குத் தொல்லை இல்லை. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளது, அந்தப் பக்கமே போகாதீர்கள். கழுத்தில் சிப்பி பதித்தால் வனவிலங்குத் துறைக்குத் தனியாக அறிவிக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டு ஆர்டருக்குப் பிளாஸ்டிக் பதிப்பே போதும் என்பது என் கருத்து.

வரியை யார் கட்டுவது என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தயாரிப்பாளர் பிரிட்டனுக்கு ஒன்று அனுப்பினார். வாங்கியவர் கொடுத்த பணத்தில் எல்லாம் அடக்கம் என்று நினைத்திருந்தார். கிட்டார் போய் இறங்கியதும் கிட்டார் விலை, அனுப்பும் செலவு இரண்டையும் கூட்டி அதன் மேல் 20 சதவீத வாட் கேட்டார்கள். அவர் எடுக்கவில்லை. கிடங்கு வாடகை ஏறியது, கடைசியில் பெட்டி அதே வழியில் திரும்பி வந்தது. இரண்டு பக்கச் செலவும் தயாரிப்பாளர் தலையில். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாட் நாட்டுக்கு நாடு 17-இலிருந்து 27 சதவீதம் வரை. அந்தத் தொகையை ஆர்டர் எடுக்கும்போதே கணக்குப் போட்டு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். விலை கூடுதலாகத் தெரிந்து ஒருவர் பின்வாங்கினாலும் பரவாயில்லை.

பெட்டிக்குள் இன்னொன்றும் வையுங்கள்: உபரி மூன்றாம் தந்தி நாலைந்து, நைலான் டியூனர் ஒரு பிடி, அதைத் திருகும் சாவி, உங்கள் கிட்டாரின் பெடல் அமைப்பு அச்சிட்ட ஒரு தாள். மூன்றாம் தந்தி மெல்லியது, பெடலை மிதிக்க மிதிக்க அதுதான் முதலில் அறும். கேஸைத் திறந்தால் கிட்டார் கவிழ்ந்தே கிடக்கும். கால்களைத் திருகி, பெடல் தண்டைப் பொருத்தி, ராடுகளை மாட்டிய பிறகே நிமிர்த்த வேண்டும். முதல்முறை வாங்கியவர் நிமிர்த்திவிட்டு ராடை எங்கே மாட்டுவது என்று தவிப்பார். உங்கள் போனிலேயே அந்த வரிசையை வீடியோ எடுத்து அனுப்பிவிடுங்கள். பழுது பார்க்கவும் கற்றுத்தரவும் ஆள் இல்லாத ஊரில் அது கடையே வைத்த மாதிரி.

உங்களைப் பற்றியும் ஒன்று. வாங்குகிறவர்களில் வயதானவர்கள் அதிகம், போனில் நிறையப் பேசுவார்கள். வானிலை, பேரன், யார் எந்த இசைத்தட்டில் வாசித்தார் என்று அரை மணி நேரம் போகும். ஆர்டர் கடைசி ஐந்து நிமிஷத்தில் வரும். உங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்படாதீர்கள். தெரியாததை "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி, மறக்காமல் திரும்பக் கூப்பிடுங்கள். தென்மாநிலத்தில் சார், மேடம் என்ற மரியாதை இன்னும் செல்லும். முன்பணம் வாங்கும்போது தேதியை மட்டும் அளந்து சொல்லுங்கள். ஆறு மாதம் என்று சொல்லி ஏழாவது மாதம் அமைதியாக இருந்தால் அந்த வட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தாமதமாவது தெரிந்த அன்றே நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தியா? சித்ரவீணையில் தந்தி மேல் கட்டை வழுக்குவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு ஸ்டீலின் ஒலி உடனே பிடித்துவிடும். ஆனால் பெடலோடு வாசிப்பவர் அங்கே மிகக் குறைவு, கற்றுத்தருபவரும் அப்படித்தான். யாராவது தேடி வந்து கேட்டால் அனுப்புங்கள். இப்போதைக்கு அதற்கென்று செலவு செய்யாதீர்கள்.

நாளைக்கு வேலைக்குப் போனதும் பழைய ஆர்டர் தாள்களை எடுங்கள். வெளிநாட்டுக்கு ஏற்கெனவே போன கிட்டார்கள் யாரிடம் இருக்கின்றன, எந்த நாடு, இன்னும் வாசிக்கிறார்களா என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரியுங்கள், விற்கும் பேச்சே வேண்டாம். பட்டியல் தயாரானதும் எழுதுங்கள், அந்தந்த நாட்டுச் சுங்க விவரத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.