சுட வைக்காத குடுவை: கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். எங்கள் தமிழ் டீச்சர் போனில் அனுப்பித்தான் உங்கள் கட்டுரைகளை முதலில் படித்தேன். தீப்பெட்டி ஆபீஸ் பற்றி நீங்கள் எழுதியதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டாள். அடுத்த நாள் மீதியைக் கேட்டாள்.

பென்னாகரம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். வயது பதினேழு. சேலத்தில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காலேஜ் போகும் முதல் ஆள் நான்தான். அப்பா குட்டியானை ஓட்டுகிறார். அண்ணன் பத்தாவதோடு நின்றுவிட்டான்.

கல்லூரி திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பயமாக இருக்கிறது. எல்லாமே இங்கிலீஷில் நடத்துவார்களாம். ஊரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஆறாயிரம் கேட்கிறார்கள். அப்பா கடன் வாங்கியாவது கட்டுகிறேன் என்கிறார். சேரட்டுமா? ஹாஸ்டலுக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும்? நீங்கள் காலேஜ் சேர்ந்த அன்று இருந்த உங்களைப் பார்த்து இப்போது ஒன்று சொல்லலாம் என்றால் என்ன சொல்வீர்கள்?

இன்னொன்று. முதல் நாள் அப்பா கூட வருகிறேன் என்கிறார். எனக்கு வேண்டாம் என்று இருக்கிறது. காரணம் சொல்லத் தெரியவில்லை.

பெயர் போட வேண்டாம்.

ர.

*

அன்புள்ள ர.,

வயதை எழுதியிருப்பதால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

இளவயது உன்னிடம் என்ன சொல்வாய் என்ற கேள்வி எனக்குப் பிடிக்காது. மேடையில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். காரணம் எளிது, அந்தப் பெண் கேட்டிருக்க மாட்டாள். 1990-ல் கோவில்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து தகரப் பெட்டியோடு பாளையங்கோட்டைக்குக் கட்டபொம்மன் கழகத்து அரசு பஸ் ஏறிய அவளுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. பள்ளியில் முதல் மார்க். ஊரில் அவளைக் காட்டித்தான் மற்றப் பிள்ளைகளுக்கு அடி விழும். அவளிடம் போய் நான் என்ன சொல்ல? நீ கேட்டிருக்கிறாய், அதனால் உனக்குச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஆறாயிரம். கட்டாதே. மூன்று வாரத்தில் எந்த வகுப்பிலும் இங்கிலீஷ் வராது. “மை நேம் இஸ்” என்று ஆரம்பித்துப் பத்து வரி மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லித்தருவார்கள். வேதியியல் வகுப்பில் அதற்கு வேலை இல்லை. உனக்கு வேண்டியது இங்கிலீஷ் என்பதைவிட வேதியியலின் இங்கிலீஷ். அது சில நூறு சொற்கள்தான், அந்தப் பொருட்களெல்லாம் உனக்கு ஏற்கெனவே தெரியும். நம் பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்கள் தமிழிலும் இங்கிலீஷிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே பாடம், ஒரே படம், ஒரே கணக்கு. உன் தமிழ்ப் புத்தகத்தை இடப்பக்கம் விரி, போனில் இங்கிலீஷ் புத்தகத்தை வலப்பக்கம் வை. நீ படித்த வீழ்படிவு அங்கே பிரெசிபிடேட் என்று உட்கார்ந்திருக்கும். இனக்கலப்பு ஹைபிரிடைசேஷன். அணைவுச் சேர்மம் காம்ப்ளெக்ஸ். ஒரு நாளைக்கு அரைப் பாடம் போதும். நோட்டில் எழுது, வாய்விட்டும் சொல்லிப் பார். கண்ணால் தெரிந்த சொல் காதில் விழும்போது வேறு ஆளாக வரும். எனக்கு அப்போது இங்கிலீஷ் புத்தகத்தைக் கண்ணில் பார்க்கவே ஒரு வருடம் ஆயிற்று.

ஆனால் உன்னைப் போலவே நானும் என் பிரச்சினை இங்கிலீஷ் என்றுதான் நம்பினேன். அது இல்லை என்று இரண்டாம் வாரமே ஒரு குடுவை காட்டிக்கொடுத்தது. நீயும் வேதியியல் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

முதல் லேப். பெர்மாங்கனேட் கொண்டு ஆக்சாலிக் அமிலத்தைத் தரம் பார்க்க வேண்டும், அதாவது குடுவையில் இளஞ்சிவப்பு நிறம் நிற்கும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவானது என்று அளக்க வேண்டும். சார் ஐந்து நிமிடம் இங்கிலீஷில் விளக்கினார். ஆக்சாலிக், சல்ப்யூரிக், பிங்க் என்று மூன்று சொல் என் காதில் விழுந்தது. அது போதும் என்று பட்டது. பிளஸ் டூவில் செய்ததுதானே? செய்தது என்று சொல்வதுகூடப் பொய். பள்ளியில் எட்டுப் பேருக்கு ஒரு பியூரெட், சொட்டு விடும் அந்த அளவுக் குழாய். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அளவுகளை எழுத என்னை உட்கார வைத்துவிடுவார்கள். குழாயைத் திருகியவர்கள் வேறு பிள்ளைகள். அதோடு அங்கே எங்களுக்கு வந்தது இரும்பு உப்பு. அதற்குச் சூடு தேவையில்லை. ஆக்சாலிக் அமிலத்தை அறுபது டிகிரிக்கு மேல் சுட வைத்தால்தான் பெர்மாங்கனேட் ஒழுங்காக வேலை செய்யும்.

மற்றவர்களெல்லாம் குடுவையை எடுத்துக்கொண்டு பர்னர் பக்கம் போனார்கள். ஏன் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்றவளைக் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. பியூரெட்டைத் திறந்தேன். முதல் சில சொட்டிலேயே இளஞ்சிவப்பு வந்து அப்படியே நின்றுவிட்டது. முடிவு நிலை! எனக்கு 0.2 மில்லி. பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தேன், 19.6. சத்தமில்லாமல் 19.5 என்று எழுதினேன்.

சார் வந்தார். நோட்டைப் பார்க்கவில்லை. குடுவையின் அடியைப் புறங்கையால் தொட்டார். “இது ஏன் சில்லுன்னு இருக்கு?” என்றார், தமிழில். நான் நின்றேன். “சுட வைக்கணும்னு தெரியாதா?” அதற்கும் நின்றேன். தெரியாது என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியவில்லை. அதைத் தமிழில்தானே சொல்லியிருக்கலாம்?

அவரே குடுவையைச் சூடாக்கிக் காட்டினார். சூட்டிலும் முதல் சொட்டு நிறம் போகச் சற்று நேரம் எடுத்தது. பிறகு விழ விழ உடனே மறைந்தது. வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அந்த வினையை வேகப்படுத்துகிறது, அதனால்தான். (எழுதுகிறவளுக்கு இந்த இடத்தில் ஒரு உவமை செய்யக் கை துறுதுறுக்கிறது. விட்டுவிடுகிறேன்.)

லேப் தவறு ஒரு சிவப்புச் சுழியோடு போயிற்று. அடுத்தது அப்படிப் போகவில்லை. ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியிருந்தார்கள். இன்ன தேதிக்குள் ஜாதிச் சான்றிதழும் இன்கம் சர்டிபிகேட்டும் பச்சை மை கையெழுத்தோடு தர வேண்டும். இன்கம் சர்டிபிகேட் என்றால் வருமானம் உள்ளவர்கள் கொடுப்பது என்று நினைத்தேன். எங்களுக்குத்தான் வருமானமே இல்லையே! சிரிக்காதே, பதினேழு வயதில் எனக்கு அது நல்ல தர்க்கமாகவே இருந்தது. தேதி போய்விட்டது. அந்த வருடத்துப் பணமும் போயிற்று. அம்மா தோட்டை அடகு வைத்தாள். அவள் தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிறவள். ராத்திரியில் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பெட்டி ஒட்டுவோம். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அந்தத் தோடு எத்தனை குரோஸ் என்று ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அலுவலகத்து ஆட்கள் கேட்காமல் எதுவும் சொல்லமாட்டார்கள் என்பதும் உண்மைதான், அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் நான் கேட்கவில்லை.

வாத்தியார் பிள்ளைகளும் கிளார்க் பிள்ளைகளும் இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருப்பார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு வீட்டில் யாரோ சொன்னார்கள், எனக்குச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே உன் வீட்டில் சொல்ல ஆளில்லாததை நான் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாய் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உனக்கு வர வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். கல்லூரி மூலமாகத்தான் பதிவு. உன் பெயரிலேயே வங்கிக் கணக்கும் அதில் ஆதார் இணைப்பும் இருக்க வேண்டும், இதை இந்த மூன்று வாரத்தில் முடி. அரசு விடுதிக்குத் தனி விண்ணப்பம் உண்டு. சமூகநீதி விடுதி என்று 2025-ல் பெயர் மாற்றியிருக்கிறார்கள், பழைய ஆட்கள் இன்னும் பிசி ஹாஸ்டல், எம்பிசி ஹாஸ்டல் என்றுதான் சொல்வார்கள், குழம்பாதே. ஜாதி, வருமானச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் இப்போதே வாங்கிவிடு. மார்க் ஷீட், டி.சி. எதைக் கையைவிட்டுக் கொடுப்பதற்கு முன்னும் ஐந்து ஜெராக்ஸ். போனஃபைட் என்பது நீ இந்தக் கல்லூரியில்தான் படிக்கிறாய் என்று கல்லூரி தரும் தாள். அதன் பெயரைக் கேட்டு மிரளாதே, மூன்று வருடத்தில் பத்துத் தடவை வாங்குவாய். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுதப் பணம் கட்டச் சொல்வார்கள், அதற்கும் கீழே போனால் எழுதவே முடியாது. ஊர்த் திருவிழாவுக்கெல்லாம் ஒரு வாரம் லீவு போடாதே, ஆடிப்பெருக்குக்கு ஒரு நாள் போய்விட்டு வா.

ஹாஸ்டலுக்கு என்ன எடுத்துப்போவது என்று கேட்டிருந்தாய். நல்ல பூட்டு, பக்கெட், பருப்புப்பொடி. பருப்புப்பொடி இரண்டு நாளில் காலியாகிவிடும், அதில் நான்கு சிநேகிதிகள் கிடைப்பார்கள்.

ஹாஸ்டலில் இன்னொன்றும் நடக்கும். எந்த ஊர் என்பார்கள். சொல். எந்தத் தெரு என்று அடுத்து கேட்பார்கள். அது தெருவைக் கேட்கும் கேள்வி இல்லை என்று உனக்கே தெரியும். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமை உனக்கு இல்லை. நான் முதல் வருடம் பொய் சொன்னேன், இரண்டாம் வருடம் “எதுக்குக் கேக்குற?” என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

இனி உன் அப்பா.

நான் சேர்ந்த அன்று அம்மா வந்திருந்தாள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு. கல்லூரி வாசலில் நுழைந்த நிமிடத்திலிருந்து அவள் வாய் ஓயவில்லை. வாட்ச்மேனிடம் கேட்டாள். மரத்தடியில் நின்ற பையன்களிடம் கேட்டாள். ஆபீஸ் ஜன்னலில் தலையை நுழைத்து, “ஐயா, சாமி, எனக்கு எழுத்துத் தெரியாது. இந்தத் தாளை எங்க குடுக்கணும், துட்ட எங்க கட்டணும், வெவரமாச் சொல்லுங்க” என்றாள். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கிளார்க் எரிச்சலோடு ஏதோ சொன்னார். அவள் விடவில்லை, “மறுக்கா ஒருதடவ சொல்லுங்க சாமி” என்றாள். அவர் மறுபடி சொன்னார். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இன்னும் எந்த ஜன்னல் என்று அலைந்துகொண்டிருந்தபோது எங்கள் வேலை முடிந்துவிட்டது.

நான் நான்கு அடி தள்ளி, அவள் யாரோ என்பதுபோல நின்றுகொண்டிருந்தேன். காது சூடாகியிருந்தது. இனி ஜென்மத்துக்கும் இப்படி யாரிடமும் கேட்டு நிற்கக் கூடாது என்று அன்றைக்கு மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். குடுவையும் ஸ்காலர்ஷிப்பும் அங்கிருந்து வந்தவைதான். இது எனக்குப் புரிய இருபது வருடம் ஆயிற்று. அதற்குள் அம்மா இல்லை.

ஹாஸ்டலைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். பஸ்சுக்கு நேரமாகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோவில்பட்டிக்கு அப்போது அரை மணிக்கு ஒரு பஸ்.

உன் அப்பா வரட்டும். சேலம் வரைக்கும் பாரம் ஏற்றிப்போகிறவருக்கு இதற்குள் எத்தனை செக்போஸ்ட், எத்தனை ஆபீஸ் ஜன்னல்! அவர் கேட்கும்போது பக்கத்திலேயே நில். அவருக்குப் புரியாததை நீ அடுத்துக் கேள். எல்லாம் முடிந்ததும் ஹாஸ்டலுக்குக் கூட்டிப்போய் உன் கட்டில் எது, ஜன்னல் எந்தப் பக்கம் என்று காட்டு. பெண்கள் விடுதிக்குள் அப்பாக்களை விடமாட்டார்கள் என்று சொல்லக்கூடும். முதல் நாள் விடுவார்களா என்று வார்டனிடம் கேட்டுப் பார்.