ஏற்காட்டு மழையும் மேட்டூர் உலையும்

கேள்வி: சென்ற இதழில் அணுமின் நிலையங்களைப் பற்றி நீங்கள் எழுதியது வாசகர்களைப் பயமுறுத்துவதாக இருந்தது. நான் ஏற்காட்டில் சிறு காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். மார்ச், ஏப்ரலில் செடி பூக்கப் பெய்ய வேண்டிய மழை சில வருடங்களில் வருவதே இல்லை. பருவம் கெட்டதற்குக் கரியும் ஒரு காரணம் என்கிறார்கள். அணு உலையில் புகை கிடையாது. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் கரி எரிப்பதை நிறுத்திவிட்டு அதே இடத்தில் ஒரு சின்ன அணு உலை வைத்தால் என்ன? அப்துல் கலாமே கூடங்குளத்தைப் பார்த்துவிட்டுப் பாதுகாப்பானது என்றாரே, அவரைவிட உங்களுக்குத் தெரியுமா?

– ஒரு வாசகர், நாகலூர்

பதில்: கலாம் அவர்களுக்குத் தெரிந்த விஞ்ஞானத்தில் நூறில் ஒரு பங்கு கூட எனக்குத் தெரியாது. 2011 நவம்பரில் அவர் கூடங்குளம் வந்தார், பார்த்தார், பாதுகாப்பானது என்றார். உண்மைதான். உலை ஓடும்போது புகை வராது என்று நீங்கள் சொல்வதும் உண்மை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை உயிர் என்று கணக்குப் பார்த்தால் கரிதான் அதிகம் கொல்கிறது. இதையெல்லாம் மறைத்துவிட்டு எழுதினால் அதைப் பயமுறுத்தல் என்று நீங்கள் சொல்லலாம்.

நான் கேட்பது வேறு. விபத்து என்று ஒன்று வந்தால் அது யார் தலையில் விடியும்?

உங்கள் பைக்கின் இன்சூரன்ஸ் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். போர் இருக்கும், அதன் பக்கத்திலேயே அணுக்கதிர்வீச்சும் இருக்கும். வீட்டுக்கு எடுக்கும் தீ விபத்து பாலிசியிலும் அப்படித்தான். என் ஸ்கூட்டர் பத்திரத்தை நான் பல வருடம் படிக்காமலே மடித்து வைத்திருந்தேன். படித்த அன்று மனசு சங்கடப்பட்டது. ஆபத்தைக் கணக்குப் போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றைத் தொட மாட்டேன் என்கிறார்கள்.

அப்புறம் சட்டம். 2010-ல் வந்த அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம், நிலையத்தை நடத்துபவரின் பொறுப்பு 1,500 கோடி ரூபாயோடு முடிந்தது என்றது. அதற்கு மேல் அரசு தரும், அதாவது நம் வரிப்பணம். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. கோளாறான கருவியை விற்ற கம்பெனியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. போபால் விஷவாயு விபத்தைப் பார்த்த நாடு எழுதிய பிரிவு அது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் தனியாருக்கு வாசலைத் திறந்துவிட்டது, அந்தப் பிரிவையும் எடுத்துவிட்டது. நடத்துபவரின் பொறுப்பு மிகப் பெரிய உலைக்கே 3,000 கோடிதான். உலை சிறுக்கச் சிறுக்க அந்தத் தொகையும் சிறுக்கிறது. 'சின்ன உலை' என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். புகுஷிமா விபத்துக்கு ஆகும் செலவு என்று ஜப்பான் அரசு 2016-ல் போட்ட கணக்கு 21.5 லட்சம் கோடி யென். ஒரு யென்னுக்கு அரை ரூபாய் என்று வைத்தாலே பத்து லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது.

மேட்டூர் எங்கோ இருக்கிறது, ஏற்காடு மலைமேல் இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். வான்வழியே அளந்தால் மேட்டூருக்கும் சேலத்துக்கும் 40 கிலோமீட்டர், ஏற்காட்டுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. புகுஷிமா உலையிலிருந்து கிட்டத்தட்ட அதே 40 கிலோமீட்டரில் ஈதாதே என்று ஒரு மலைக் கிராமம். சுமார் 6,000 பேர், விவசாயமும் மாடு வளர்ப்பும்தான் பிழைப்பு. 2011 மார்ச் 15 அன்று காற்று அந்தப் பக்கம் திரும்பியது. மழையும் பனியும் பெய்ததில், காற்றில் போய்க்கொண்டிருந்த சீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் அந்த மலையில் இறங்கிவிட்டது. ஊரைக் காலி செய்யச் சொல்லி அரசு உத்தரவிட்டது ஏப்ரல் 22 அன்றுதான். அதுவரை பலர் அங்கேயேதான் இருந்தார்கள், குழந்தை குட்டிகளோடு. ஊரின் பெரும்பகுதிக்குத் தடை நீங்கியது 2017-ல். இத்தனைக்கும் அந்த உலையின் மின்சாரம் போனது தோக்கியோ பக்கத்துக்கு.

இன்னும் தூரத்து உதாரணம் ஒன்று. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், பிரிட்டனின் வேல்ஸ், கம்ப்ரியா மலைகளில் மழையோடு சீசியம் விழுந்தது. புல்லில் ஏறியது, புல்லைத் தின்ற ஆட்டில் ஏறியது. அந்த மலைகளில் ஆடு விற்க விதித்த கட்டுப்பாடு முழுதாக நீங்கியது 2012-ல். 26 வருடம்! சமவெளியைவிட மலைக்கு மழை அதிகம், அதனால் மலைக்காரனுக்குப் பாதிப்பும் அதிகம். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேகம் எந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்வராயனில் மோதுகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தீங்கில்லாத அளவுதான் என்று சர்டிபிகேட் கொடுத்தாலும், அந்த வருடத்துக் காப்பிக் கொட்டையை யார் வாங்குவார்கள்?

அடுத்தது தண்ணீர். கூடங்குளமும் கல்பாக்கமும் கடலோரத்தில் இருக்கின்றன. மேட்டூரில் இருப்பது காவிரி. சேலம் குடிப்பதும் அதைத்தான், ஈரோடு, கரூர், திருச்சி, டெல்டா எல்லாம் அதைத்தான். கரி உலைக்கும் தண்ணீர் வேண்டும்தானே என்பீர்கள். வேண்டும். ஆனால் கரி அடுப்பை அணைத்தால் கொஞ்ச நேரத்தில் சூடு ஆறிவிடும். அணு உலையை நிறுத்தின பிறகும் உள்ளே எரிகோல்களில் சூடு பிறந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழுச் சூட்டில் ஆறேழு சதவீதம் மிச்சம், அது வடிய நாள் கணக்காகும், மாதக் கணக்காகும். அதுவரை தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. சுனாமி புகுந்து மின்சாரம் போனது, பம்பு ஓடவில்லை, உருகிவிட்டது. மேட்டூரில் நீர் இறங்கிப் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகிற வருடங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த அணையை நம்பி இப்படி ஒரு அடுப்பை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆற்றோரத்தில் ஏற்கெனவே உலைகள் இருக்கின்றனவே, ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கலாம். கங்கைக் கரையில் இருக்கும் நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். டர்பைன் இறக்கை முறிந்து தீப்பிடித்தது. கேபிள்கள் எரிந்து, நிலையம் முழுக்க 17 மணி நேரம் மின்சாரம் இல்லை. ஊழியர்கள் டார்ச் லைட்டோடு மேலே ஏறி, உலை மறுபடி உயிர் பெறாமலிருக்கக் கையாலேயே வால்வைத் திறந்து போரான் கரைசலை விட்டார்கள். தப்பித்தோம். அந்த ஊழியர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அப்படிப்பட்ட ஆட்கள் அந்த நேரத்தில் அங்கே இருந்தார்கள் என்பதை நம்பி ஒரு நதிக்கரையை ஒப்படைக்க முடியுமா?

கழிவைப் பற்றிக் கொஞ்சம். அதில் இருக்கும் புளுட்டோனியம் பாதியாகக் குறைய 24,000 வருடம். உயர்கதிர்க் கழிவை நிரந்தரமாகப் புதைக்க இந்தியாவில் இன்னும் ஓர் இடம் கிடையாது. 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, மூடிய கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. கோலார் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், அப்படி ஒன்றும் இல்லை என்று அரசுத் தரப்பில் சொல்லிவிட்டார்கள். கோலார் நம் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்து ஊர். சேலத்தில் கைவிட்ட மேக்னசைட் சுரங்கக் குழிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வருகிறது.

சரி, உங்கள் மழைக்கு வருகிறேன், நீங்கள் கேட்டதே அதற்காகத்தான். பருவநிலைக்கு மருந்து வேண்டும் என்றால் சீக்கிரம் வேண்டும். கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டது 1988, மின்சாரம் வந்தது 2013. கல்பாக்கத்து ஈனுலையை, அதாவது எரியும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் உலையை, கட்டத் தொடங்கியது 2004, அதில் எரிபொருள் நிரப்பத் தொடங்கியது 2025. கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையத்தைச் சுமார் எட்டே மாதத்தில் முடித்தார்கள். ராத்திரிக்கு என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது, அது இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் பகல் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல, கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களிலிருந்தே இருக்கிறது. அங்கே ஏதாவது உடைந்தாலும் ஏற்காட்டுக் காப்பியில் விஷம் ஏறாது.

கடைசியாக ஒன்று சொல்கிறேன். நம் நாட்டில் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்குத்தான் அவசரகாலத் திட்டம் போடுகிறார்கள். நீங்கள் கேட்டபடி மேட்டூரில் உலை வந்தால் அந்த வட்டத்தில் ஓமலூர் வராது, சேலம் வராது, நாகலூரும் வராது. ஒத்திகையும் உங்களுக்கு இல்லை. மலையிலிருந்து இறங்க நமக்கு இருப்பது 20 கொண்டை ஊசி வளைவுப் பாதையும் குப்பனூர்ப் பாதையும்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் பெரிய பாதை மண் சரிந்து அடைபட்டபோது நீங்கள் மேலேதான் இருந்திருப்பீர்கள்.